ஹாஸ்டலுக்குப் போன மருந்து டப்பா

பெண்ணைக் கட்டிக் கொடுத்துப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போதுகூட இத்தனை மூட்டை சேர்ந்திருக்காது. போன வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் எதிர் வீட்டு அம்மாள் தம் ஒரே மகளைக் கல்லூரி ஹாஸ்டலில் கொண்டு விடப் புறப்பட்டார். வாசலில் நின்ற வாடகைக் காரின் பின் கதவு மூடவே மறுத்தது. பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு, முறுக்கு டின், இரண்டு வாளி, தலையணை, கொசு வலை. இவ்வளவும் போதாதென்று, மடியில் வைத்துக்கொண்டு போவதற்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"மருந்துதான். வெள்ளை மாத்திரை தலைவலிக்கு. மஞ்சள் மாத்திரை வயிற்றுக்கு. ரோஸ் கலர், உடம்பு வலிக்கு. அவள் தம்பிக்கு ஜுரம் வந்தபோது வாங்கினதில் மிச்சம் ஆறு காப்ஸ்யூல் இருந்தது, அதையும் போட்டிருக்கிறேன். வீணாய்ப் போவானேன்?" என்றவர், "நீயும் கூட வாயேன், அம்மா. நாலு வார்த்தை விசாரிக்கத் தெரிந்தவர் ஒருத்தர் பக்கத்தில் இருந்தால் தேவலை" என்றார்.

போனேன். இந்த வாரம் நான் உங்களிடம் சொல்ல வந்தது அந்த டப்பாவின் கதைதான்.

மத்திய கைலாஸில் திரும்பிப் பழைய மகாபலிபுரம் சாலையைப் பிடித்தால் துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி எல்லாம் தாண்டிப் படூர் வருகிறது. ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்து எத்தனையோ வருஷமாகியும் நம் வாயில் இன்னும் அது ஓ.எம்.ஆர். தான். கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், முட்டுக்காட்டுக் கழிமுகம், அதற்கப்பால் கோவளத்துக் கடல். இந்தப் படூரில் 1985-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய இந்துஸ்தான், 2008-ல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமாயிற்று. அடுத்த ஊரான கேளம்பாக்கத்தில் செட்டிநாடு மருத்துவக் கல்லூரி. அங்கிருந்து வண்டலூர் போகிற சாலையில் வி.ஐ.டி.யின் சென்னை வளாகம். ஆக, அடுப்பங்கரையில் நின்றுகொண்டு "சாப்பிட்டாயா?" என்று செல்போனில் கேட்கிற தாய்மார்களின் கண்மணிகள் ஆயிரக்கணக்கில் இந்த வட்டாரத்தில் குடியிருக்கிறார்கள். நாங்கள் போனது எந்தக் கல்லூரி என்று மட்டும் கேட்காதீர்கள். வம்பு ஒன்றுமில்லை, அந்தப் பெண் இன்னார் என்று வெளியே தெரிய வேண்டாம், அவ்வளவுதான்.

அறை பார்த்தாயிற்று. மெஸ் பார்த்தாயிற்று. குளியலறைக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தாயிற்று. "ஆஸ்பத்திரி எங்கே?" என்று நான் கேட்ட பிறகுதான் அந்த ஞாபகமே வந்தது. வேப்ப மரத்தடியில் ஒரு சிறிய கட்டடம். பெயர் ஹெல்த் சென்டர். பார்வைக்கு நம் காலத்து டிஸ்பென்சரி. நாலு கட்டில், எடை பார்க்கும் யந்திரம், மருந்து அலமாரி, மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர், அதற்குப் பக்கத்திலேயே ஒரு தடித்த நோட்டு. நாஞ்சில் நாட்டுத் தமிழ் பேசிய நர்ஸ் அம்மாள் ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் டாக்டர். பெண் டாக்டர் வாரத்தில் மூன்று நாள். இரவில் நர்ஸ் மட்டும். அவசரமென்றால் வண்டி தயார். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தார்.

"பிள்ளைக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்கா?"

"ஆறு வயசிலே ஒரு தடவை, சிஸ்டர். உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி... ஏதோ காப்ஸ்யூல். சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும்."

"பேரு?"

"அது எங்கள் தெரு டாக்டர் கொடுத்தது. அவரும் இப்போது இல்லை."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எனக்குப் பேருதான் வேணும்."

நல்ல வேளை, அந்த வீட்டு ஐயா எதையும் தூக்கிப் போடாத மனிதர். போன் செய்ததும் ரேஷன் கார்டு வைத்திருந்த பைக்குள்ளிருந்து பன்னிரண்டு வருஷத்துச் சீட்டை எடுத்துப் படம் பிடித்து அனுப்பினார். அமாக்ஸிஸிலின். பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. தொண்டைப் புண்ணுக்கும் காது வலிக்கும் டாக்டர்கள் வெகு சாதாரணமாக எழுதுகிற மருந்து. ஒத்துக்கொள்ளாத உடம்பில் அது சில நிமிஷங்களில் மூச்சுத் திணறலில் கொண்டு போய் விடலாம். சிறு வயதில் இருந்த ஒவ்வாமை பெரியவளானதும் மறைந்து போவதும் உண்டு. ஆனால் அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். நர்ஸ் அம்மாள் சிவப்பு மையால் நோட்டில் எழுதினார். பிறகு டப்பாவைக் கேட்டு வாங்கித் திறந்தார். தம்பிக்கு வாங்கிய மிச்சம் ஆறு காப்ஸ்யூல் என்னவென்று நினைக்கிறீர்கள்? அதே அமாக்ஸிஸிலின்!

எதிர் வீட்டு அம்மாள் அப்போது ஒன்றும் பேசவில்லை. திரும்பி வருகிற வழியில் சோழிங்கநல்லூர் தாண்டும் வரையிலும் பேசவில்லை.

நம் பெட்டிகளில் இப்படி எத்தனை டப்பா இருக்கும், சொல்லுங்கள்! ஆன்டிபயாடிக் மருந்தைப் பாதியில் நிறுத்துவது ஒரு தப்பு. மிச்சத்தைப் பொக்கிஷமாகப் பாதுகாத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பது இரண்டாவது தப்பு. நானும் செய்திருக்கிறேன், மறைப்பானேன்?

கல்லூரி என்றால் படிப்பு மட்டும்தான், உடம்பு அவரவர் பாடு என்றுதான் உலகம் வெகு நாள் நினைத்திருந்தது. அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் என்ற கல்லூரியின் தலைவருக்கு, நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் உடம்பு கெட்டுப் பாதியில் வீட்டுக்குப் போகிறார்களே என்று கவலை. எட்வர்ட் ஹிட்ச்காக் என்ற டாக்டரை 1861-ல் பேராசிரியராகவே நியமித்தார்கள். அவர் பாடம் என்ன தெரியுமா? சுகாதாரமும் தேகப் பயிற்சியும். மாணவர்களின் உயரம், எடை, மார்பளவு எல்லாவற்றையும் வருஷா வருஷம் அளந்து எழுதி வைத்தார். நம் நர்ஸ் அம்மாளின் தடித்த நோட்டுக்குக் கொள்ளுத் தாத்தா அவர் எழுதிய நோட்டு என்று சொல்லலாம்.

ஆனால் இந்தக் கட்டடத்தை ஆஸ்பத்திரி என்று நினைத்து ஏமாறக் கூடாது. அங்கே ஆபரேஷன் நடக்காது. ஸ்கேன் கிடையாது. காய்ச்சல், வயிற்றுப் போக்கு, சுளுக்கு, வெட்டுக் காயம் இவற்றைப் பார்ப்பார்கள்; ஒரு ராத்திரி படுக்க வைத்துக் கவனிப்பார்கள்; மிஞ்சிப் போனால் பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். 'எப்போது அனுப்புவது' என்று தெரிவதுதான் அங்கே பெரிய வித்தை.

வந்தது வந்தோம் என்று பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்து பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஒன்பதரை. பன்னிரண்டுக்குக் கீழே இருந்தாலே ரத்த சோகை என்று கணக்கு. "அவள் ஜாடையே வெளிறினதுதான்" என்று சமாதானம் சொல்லப் பார்த்தார் தாயார். இது ஒரு வீட்டு விஷயமல்ல. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53.4 பேருக்கு ரத்த சோகை. பாதிக்கு மேல்! காலையில் எட்டு மணி வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் பலகாரத்தை விட்டுவிட்டு, பத்தரை மணிக்கு ஒரு டீயோடு காலம் தள்ளும் ஹாஸ்டல் பெண்களைக் கேட்கவே வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு உடனே டீ குடித்தால், மாத்திரையில் பாதிப் பயன் டீயோடு போய்விடும். எலுமிச்சம்பழச் சாறோடு சாப்பிட்டால் உடம்பில் ஒட்டும். மாதா மாதம் தாங்க முடியாத வலியென்றாலும், அளவுக்கு மீறிப் போனாலும், "எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று பல்லைக் கடித்துக்கொள்ளாமல் அந்த மூன்று நாளில் ஒரு நாள் பெண் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். இதை நாம் வாய் திறந்து சொல்லாவிட்டால் அவர்கள் போக மாட்டார்கள்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் இரவு பெண்ணிடமிருந்து போன்: "அம்மா, ஜுரம். கண்ணுக்குப் பின்னாலே வலிக்கிறது." தாயார் வழக்கம்போல் இங்கிருந்தே வைத்தியம் ஆரம்பித்தார். மழையில் நனைந்திருப்பாய், மிளகுக் கஷாயம் கிடைக்குமா பார், போர்த்திக்கொண்டு படு. மறுநாளும் ஜுரம். உடம்பை அடித்துப் போட்டாற்போல் வலி. அறைத் தோழி அன்போடு ஒரு வலி மாத்திரையை நீட்டினாள். ஐபுப்ரோஃபென். அதை வாயில் போட்டுக்கொள்ளாமல் அவளைத் தடுத்தது, ஆவணி மாதத்தில் நர்ஸ் அம்மாள் சொன்ன ஒரு வார்த்தை: "எந்த மாத்திரையானாலும் என் கிட்டே காட்டிட்டுப் போடு."

போனாள். மாத்திரை பிடுங்கப்பட்டது. ரத்தம் எடுக்கப்பட்டது. டெங்கு.

டெங்கு ஜுரத்தில் ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபென்னும் ஆகாது. ரத்தக் கசிவை அதிகமாக்கும். பாரஸிட்டமால்தான், அதுவும் அளவோடு. நிறைய நீர், கஞ்சி, இளநீர். இதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் பலர் ஏமாறுகிற இடம் வேறு. நாலாம் நாள் அந்தப் பெண்ணுக்கு ஜுரம் இறங்கிவிட்டது. "நார்மல்!" என்று குஷியாகத் தாயாருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, பரீட்சைக்குப் போகிறேனென்று கிளம்பினாள். டாக்டர் விடவில்லை. வயிறு வலிக்கிறதா என்று கேட்டார், வலித்தது. இரண்டு தரம் வாந்தி எடுத்திருந்தாள். கையைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்றிருந்தது. அரை மணியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பிவிட்டது.

"ஜுரம் விட்ட பிறகு ஆஸ்பத்திரியா? பணம் பிடுங்கப் பார்க்கிறார்கள்!" என்று எதிர் வீட்டு அம்மாள் என் முன்னால் கொதித்தார். வாஸ்தவத்தில் டெங்குவின் பொல்லாத வேளையே அதுதான். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சூடு தணிகிற சமயத்தில், சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். ஒரு நாள், இரண்டு நாள் இந்தக் கண்டம் நீடிக்கும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அமைதியின்மை அல்லது அசாத்தியச் சோர்வு, சில்லிட்ட கை கால் இவைதான் எச்சரிக்கை. தெர்மாமீட்டரைப் பார்த்து 'விட்டது' என்று சந்தோஷப்படுகிற நேரத்தில்தான் ஆளைப் பார்க்க வேண்டும். நாலு நாள் சலைன் ஏறியது. ஐந்தாம் நாள் பெண் ரசம் சாதம் கேட்டாள்.

"அந்தக் கழிமுகத்துக் கொசுவாலே வந்தது" என்று தாயார் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாவம், கழிமுகத்தின் மேல் பழி போட வேண்டாம். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் பிறந்து, பகலில் கடிக்கிற ஜாதி. நாம் ஆசையாக வாங்கிக் கொடுத்த இரண்டு வாளியில் ஒன்றில் வாரக் கணக்காகத் தண்ணீர் தேங்கியிருந்தாலே அதற்குப் போதும்.

தனி வீட்டில் ஒருவருக்கு ஜுரம் வருவது வேறு. ஆயிரம் பேர் ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிற இடத்தில் ஜுரம் வருவது வேறு. கிண்டி ஐ.ஐ.டி.யில் 2020 டிசம்பரில் நடந்தது நினைவிருக்கிறதா? கொரோனா நாட்களில் மாணவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் ஹாஸ்டலுக்குத் திரும்பியிருந்தார்கள். அவர்களுக்காக ஒரே ஒரு மெஸ் திறந்திருந்தது. சில நாட்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்களுக்குத் தொற்று! எல்லோரையும் பரிசோதித்து, தொற்றியவர்களைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்பி, மற்றவர்களுக்கு அறைக்கே சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்க வேண்டியதாயிற்று. முதல் நாலைந்து பேர் தங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் போனால்தானே இந்த மாதிரி ஒரு சங்கிலி கண்ணில் படும்? ஒரே நாளில் ஒரே மெஸ்ஸிலிருந்து ஆறு பேர் வாந்தியென்று வந்தால், நர்ஸின் நோட்டு உடனே சமையற்கட்டைப் பார்த்து விரலை நீட்டும். அறைக்குள் படுத்துக்கொண்டு சோடா குடித்தால் நீட்டாது.

அம்மை வார்த்தால் நாம் செய்வதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். "அம்மாவிடம் வந்துவிடு, கண்ணே" என்று பஸ்ஸில் ஏறச் சொல்கிறோம். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்து, எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை தொற்றும். பக்கத்து ஸீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்திருந்தால்? வேப்பிலையும் வேண்டுதலும் இருக்கட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஹெல்த் சென்டரில் தனி அறை இருந்தால் அங்கேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் தனி வண்டியில் அழைத்து வாருங்கள்.

இனிமேல் வருவதுதான் சங்கடமான சமாசாரம்.

பெண் தேறி வீட்டுக்கு வந்திருந்தபோது, அவளுடைய சீட்டுக் கட்டிலிருந்து ஒரு சிறிய அட்டை விழுந்தது. கௌன்சலரிடம் அடுத்த முறை வர வேண்டிய தேதி. ஏற்கெனவே மூன்று தடவை போயிருக்கிறாள். கணக்குப் பரீட்சையில் தோற்றுத் தூக்கமில்லாமல் கிடந்தாளாம். வகுப்பில் எல்லோரும் கெட்டிக்காரர்கள், தான் மட்டும் தவறி வந்து சேர்ந்தவள் என்று ஒரு எண்ணம். தாயார் இடிந்து போனார். பெண்ணைப் பற்றிய கவலையைவிட அவமானம்தான் பெரிதாயிருந்தது. "தினம் மூன்று வேளை என்னோடு பேசுகிறாள். என்னிடம் சொல்லாமல் யாரோ ஒருத்தியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாளே! அந்தக் கல்லூரியாவது எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

உடனே போன் செய்து என்னவெல்லாம் சொன்னாள் என்று கேட்டிருக்கிறார். அந்த கௌன்சலர் மரியாதையாக, ஆனால் உறுதியாக, சொல்ல மறுத்துவிட்டார். "உங்கள் மகளிடமே கேளுங்களேன்" என்றாராம்.

நான் கௌன்சலர் கட்சி. எதிர் வீட்டு அம்மாளிடமும் அதைத்தான் சொன்னேன்; இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பதினெட்டு வயது நிறைந்தவள் மனக் கஷ்டத்துக்காகச் சிகிச்சைக்குப் போனால், அந்த விவரத்தை ரகசியமாகக் காப்பது 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் அவளுக்குக் கொடுத்திருக்கும் உரிமை. உயிருக்கு ஆபத்து என்று வந்தால் அந்தத் திரை விலகலாம், விலகவும் வேண்டும். மற்றபடி, இங்கே சொன்னது அம்மா காதுக்குப் போய்விடும் என்று ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டால், அடுத்த வாரமே பத்துப் பெண்கள் அந்த வாசற்படி ஏற மாட்டார்கள். மாணவர் தற்கொலைகளைப் பற்றிய ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2025 ஜூலையில், நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கிற கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற கௌன்சலர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகையால் பிள்ளையைச் சேர்க்கும்போது 'கௌன்சலர் உண்டா, என்றைக்கு இருப்பார்?' என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை இருக்கிறது. 'என்ன சொன்னாள்?' என்று கேட்பதற்கு இல்லை. ராத்திரி நேரத்தில் யாரும் அகப்படாவிட்டால் 14416 என்ற டெலி-மானஸ் எண் இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அதை உங்கள் போனில் அல்ல, அவள் போனில் குறித்துக் கொடுங்கள்.

இன்னும் சில்லறை விஷயங்கள் உண்டு. பெரிய வளாகங்களில் 108 வண்டி எந்த வாசலுக்கு வருவதென்று தெரியாமல் சுற்றுவது சகஜம். ஹாஸ்டல் பெயர், எத்தனையாவது வாசல் என்று தெளிவாகச் சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள். வளாகத்து நாய் கடித்தாலும் பிராண்டினாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி. "கீறல்தானே" என்ற பேச்சே கூடாது. கல்லூரியில் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறார்களா, எந்த ஆஸ்பத்திரிகளில் செல்லும் என்பதைச் சேர்க்கிற அன்றே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்து பெண் திரும்பிப் போனபோது நான் கூடப் போகவில்லை. வழியனுப்ப வாசலில் நின்றேன். காரின் பின் கதவு இந்தத் தடவையும் மூட மறுத்தது. தொக்கு இரண்டு பாட்டில். ஒன்று நர்ஸ் அம்மாளுக்காம். மருந்து டப்பாவைக் காணோம். பதிலுக்கு ஒரு அட்டையில் எதிர் வீட்டு அம்மாளின் குண்டு குண்டான எழுத்தில்: ரத்தப் பிரிவு, ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர், போட்ட தடுப்பூசிகள், ஆறு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் வந்த நோய்கள்.

"கௌன்சலரிடம் போகிற நாள் எது என்று கேட்டீர்களா?" என்று மெதுவாக விசாரித்தேன்.

"கேட்கவில்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "வியாழக்கிழமை. அவளே சொன்னாள்" என்றார்.